மதியம் 12.30-க்கு எத்தனை கை இருக்கிறது?

குழந்தைகள் காப்பகத்தையோ பிளே ஸ்கூலையோ எடைபோட ஒரு நேரம் உண்டு. அது மதியம் 12.30. காலை 10 மணிக்குப் போனால் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். பாட்டு ஓடும், வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், சட்டை கசங்கியிருக்காது. 12.30-க்குச் சாப்பாடு முடியும் தறுவாயில் ஒரு குழந்தை தட்டின் மேலேயே தூங்கி விழும். இரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் கக்கா வரும். ஒருத்தி ரசத்தைத் தரையில் கொட்டி, விரலால் இழுத்துக் கோலம் போட்டுக்கொண்டிருப்பாள். கை கழுவாத நான்கு பேர் பொம்மை அலமாரிக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அந்த அரை மணி நேரத்தில் அங்கே எத்தனை பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் குரல் எவ்வளவு உயர்கிறது என்று பார்த்தால் போதும். சுவரில் வரைந்த கார்ட்டூன் படங்களைப் பார்க்கத் தேவையே இல்லை.

முதலில் ஆள் கணக்கு. 2013-ல் வந்த தேசிய முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு மற்றும் கல்விக் கொள்கை, 3 முதல் 6 வயது வரை 20 குழந்தைக்கு ஒரு பெரியவர் என்றும், 3 வயதுக்குக் கீழே 10 குழந்தைக்கு ஒருவர் என்றும் சொல்கிறது. இது அடித்தளம். இதற்குக் கீழே போகக்கூடாது என்பதுதான் இதன் பொருள். இது இருந்தால் போதும் என்று எடுத்துக்கொண்டால் தினமும் திண்டாட்டம்தான். காரணம் ஒரு சின்னக் கணக்கில் தெரிந்துவிடும். 2 முதல் 4 வயதுக்குள் 20 குழந்தைகள், காலை 9 முதல் மாலை 5 வரை. ஒரு குழந்தை குறைந்தது 3 முறை பாத்ரூம் போகும். கூட்டிப்போய், ஜட்டி கழற்றி, கழுவி, மாட்டி, கை கழுவ வைத்து, திரும்பக் கொண்டுவர 4 நிமிடம் என்று வைத்தாலும் 60 முறை, 240 நிமிடம். ஒரு ஆளின் 4 மணி நேரம் பாத்ரூமுக்கே போய்விடுகிறது. ஒரே டீச்சர், ஒரே ஆயா என்றால் பாதி நாள் அறையில் இருப்பது ஒருவர் மட்டும்தான். அவருக்கும் ஒரு போன் வந்தால் யாருமில்லை.

அதனால் இந்த வயதில் 20 குழந்தைக்கு இரண்டு டீச்சர், இரண்டு ஆயா என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையல் செய்பவரை இதில் சேர்க்காதீர்கள். அடுப்பை விட்டு அவர் வர முடியாது. வாசலில் பெற்றோரிடம் பேசிக்கொண்டிருக்கும் நிர்வாகியையும் சேர்க்காதீர்கள். ஒன்றரை வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தைகளை எடுப்பதாக இருந்தால் மூன்று அல்லது நான்கு குழந்தைக்கு ஒருவர் வேண்டும். தீ விபத்து என்றால் ஒரு பெரியவர் எத்தனை கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியும் என்று நினைத்துப் பாருங்கள், எண்ணிக்கை தானே கிடைக்கும். இதைத் தவிர, யாராவது லீவு போட்டால் கூப்பிட்டவுடன் வரக்கூடிய, குழந்தைகள் ஏற்கெனவே முகம் பார்த்த ஓர் ஆள் அக்கம்பக்கத்தில் இருக்க வேண்டும். லீவு நாளன்று புது முகத்தை உள்ளே விட்டால் அன்று முழுக்க அழுகைதான்.

ஆயாக்களை 'கூட்டிப் பெருக்கும் ஆள்' என்று எண்ணும் பழக்கம்தான் இந்தத் துறையின் பெரிய நோய். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை இடத்தோடு ஒட்டாது, ஆளோடுதான் ஒட்டும். தன்னைக் கழுவிவிடுகிற, ஊட்டிவிடுகிற, தட்டித் தூங்க வைக்கிற கையோடு ஒட்டும். அந்தக் கை பெரும்பாலும் ஆயாவுடையது. மூன்று மாதத்துக்கு ஒரு ஆயா மாறினால் குழந்தை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பக்கத்துக் கடையில் 500 ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று அவர் போய்விட்டால், நீங்கள் மிச்சம் பிடித்த பணத்தைவிடப் போனது அதிகம். வாங்கும் கட்டணத்தில் பாதிக்கு மேல் சம்பளமாகப் போக வேண்டும் என்பது எங்கள் கருத்து. வாடகையும் பெயின்ட்டும் அதற்குப் பிறகுதான்.

யார் பொறுப்பில் எந்தக் குழந்தை என்று ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டுங்கள். ஒருவருக்கு ஐந்து குழந்தை என்றால், அந்த ஐந்து பேருக்கும் சாப்பாடு, கழுவல், தூக்கம் மூன்றையும் அவரே பார்ப்பது நல்லது. வேலையைப் பிரித்து, ஒருவர் எல்லோருக்கும் ஊட்டுவது, இன்னொருவர் எல்லோரையும் கழுவுவது என்று வைத்தால் வேலை சீக்கிரம் முடிவதுபோல் தோன்றும். ஆனால் காலையில் யார் கஞ்சியைத் தொடவில்லை, யாருக்கு இரண்டு நாளாக மலம் இறுகிப்போகிறது என்பது யாருக்கும் தெரியாமல் போகும்.

புதிதாகச் சேரும் குழந்தையைப் பழக்க ஒரு முழு வாரம் வேண்டும். ஒரே நாளில் விட்டுப் போகச் சொல்லும் இடம் குழந்தையைப் புரிந்துகொண்ட இடம் இல்லை. முதல் நாள் ஒரு மணி நேரம், அம்மாவோ பாட்டியோ கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டாம் நாளும் அப்படியே, ஆனால் குழந்தையோடு ஆயா விளையாட, அம்மா சும்மா உட்கார்ந்திருப்பார். மூன்றாம் நாள் அம்மா சொல்லிவிட்டு 15 நிமிடம் வெளியே போய்வர வேண்டும். நான்காம் நாள் ஒரு மணி நேரம். ஐந்தாம் நாள் சாப்பாடு வரை. மதியத் தூக்கத்தை அடுத்த வாரம்தான் சேர்க்க வேண்டும், ஏனென்றால் கண் செருகும் நேரத்தில்தான் ஏக்கம் அதிகம்.

இதில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று. குழந்தை பொம்மை பார்க்கும்போது நைசாக நழுவிவிடுவது. அழாமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். குழந்தை கற்றுக்கொள்வது என்ன? திரும்பிப் பார்த்தால் அம்மா காணாமல் போய்விடலாம் என்பதை. அடுத்த நாள் முதல் அது பொம்மையையே பார்க்காது. புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும், வீட்டில் அம்மா குளிக்கப் போனாலும் கதவைத் தட்டும். 'அம்மா போய்ட்டு சாப்பாடு முடிஞ்சதும் வந்துடுவேன்' என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அழும். அழட்டும். ஆயா மடியில் வைத்துக்கொண்டு, 'அம்மா வேணுமா? சாப்பிட்டதும் வருவாங்க' என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னால் போதும். 'அழுதா பூச்சாண்டி புடிச்சுட்டுப் போயிடுவான்' என்று சொல்கிறவரை அன்றே கூப்பிட்டுப் பேச வேண்டும். அம்மாவின் துவைக்காத பழைய துப்பட்டாவோ புடவைத் துண்டோ ஒன்றைப் பையில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த வாசனைக்கு நிகராக எந்தப் பொம்மையும் வேலை செய்யாது. கொண்டுவிட வருபவர் வாசலிலேயே பத்து நிமிடம் நின்று எட்டிப் பார்ப்பதும் கூடாது. பெரும்பாலும் தாத்தாக்கள்தான் இதைச் செய்வார்கள். அவர்களுக்கு அரை மணி கழித்து ஒரு போட்டோ அனுப்பிவிட்டால் நிம்மதியாகப் போவார்கள்.

இடத்தைப் பற்றி. 30 குழந்தைகளுக்குக் குறைந்தது 35 சதுர மீட்டர் அறை, அதாவது சுமார் 375 சதுர அடி. வெளியே விளையாட 30 சதுர மீட்டர் என்று மத்திய அரசின் தர வரையறை சொல்கிறது. அலமாரி, மேசை போக மிஞ்சும் தரையைத்தான் அளக்க வேண்டும். தரைத்தளமாக இருக்கட்டும், இரண்டு வாசல் இருக்கட்டும். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ல் 94 குழந்தைகளைத் தீ கொண்டுபோனது. சத்துணவு அடுப்பிலிருந்து கூரைக்குப் பரவிய தீ அது. அந்தப் பிள்ளைகள் தொடக்கப் பள்ளிக்காரர்கள், ஓடத் தெரிந்தவர்கள். இரண்டு வயதுக் குழந்தைக்குத் தீயைப் பார்த்தால் ஓடத் தெரியாது, அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதனால் சிலிண்டர் வெளிச்சுவர்ப் பக்கம், சமையலறைக்கும் குழந்தைகள் அறைக்கும் நடுவில் கதவு, இரண்டாவது வாசலில் பூட்டுக்குப் பதிலாக நாலரை அடி உயரத்தில் தாழ்ப்பாள். மாதம் ஒருமுறை குழந்தைகளை ரயில் விட்டு அந்த வாசல் வழியாக வெளியே கூட்டிப் போய்ப் பழக்குங்கள். விளையாட்டாகச் செய்தால் அவர்களுக்குப் பயமும் வராது, வழியும் மறக்காது.

தண்ணீர்தான் நாம் நினைக்காத ஆபத்து. நடக்கப் பழகிய குழந்தைக்குத் தலை கனம். பாதி நிரம்பிய வாளிக்குள் எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் தானாக எழ முடியாது, சத்தமும் வராது. பாத்ரூமில் வாளி எப்போதும் கவிழ்த்தே இருக்க வேண்டும். தரைத்தொட்டி மூடிக்குப் பூட்டு வேண்டும். மாடிப்படி, ஜன்னல் கம்பிகளின் இடைவெளி 4 அங்குலத்துக்குள் இருக்கட்டும். கதவின் கீல் பக்கம் விரல் நசுங்கும்; அங்கே ஒரு ரப்பர் பட்டையையோ மடித்த கனத்த துணியையோ ஆணியடித்துவிடுங்கள். குழாய் குழந்தையின் இடுப்பு உயரத்தில், சோப்பு அதன் பக்கத்தில், ஒரு பழைய ஸ்டாக்கிங்கிலோ வலைப்பையிலோ கட்டித் தொங்கவிட்டபடி. சோப்பு எட்டாத உயரத்தில் இருந்தால் யாரும் சோப்புப் போடவில்லை என்றுதான் அர்த்தம்.

இனி சாப்பாடு. தொண்டையில் சிக்கும் பொருட்களின் பட்டியல் சமையல்காரருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்: முழு நிலக்கடலை, முழுக் கொண்டைக்கடலை, பட்டாணி, உருண்டை திராட்சை, பாப்கார்ன், கடினமான மிட்டாய், பச்சைக் கேரட் துண்டு, மீன் முள். சுண்டல் நல்ல உணவுதான். நான்கு வயது வரை குழைய வேகவைத்து மசித்துக் கொடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்க வேண்டும். குறுக்கே வெட்டினால் வட்டம் அப்படியே இருந்து மூச்சுக்குழாயை மூடும். முட்டையின் மஞ்சள் கரு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டும். பருப்பு சாதத்தோடு பிசைந்துவிட்டால் பிரச்சினையில்லை. சாப்பிடும்போது உட்கார்ந்தே சாப்பிட வேண்டும், ஓடக்கூடாது, சிரிப்புக் காட்டக்கூடாது. சிக்கிவிட்டால், இருமுகிற குழந்தையை இரும விடுங்கள். சத்தமே வராமல் போனாலோ முகம் கறுத்தாலோதான் முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு, பிறகு ஒரு வயதுக்கு மேல் என்றால் பின்னாலிருந்து வயிற்றை உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்தம். ஒரு வயதுக்குக் கீழே என்றால் வயிற்றைத் தொடாமல் மார்பு எலும்பின் மேல் இரண்டு விரலால் ஐந்து அழுத்தம். வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. வருடம் ஒருமுறை ஒரு செவிலியரை அழைத்து, பொம்மையை வைத்து ஒவ்வொருவரும் செய்து பழக வேண்டும். ஆயாவும் சமையல்காரரும்தான் முதலில் பழக வேண்டியவர்கள், ஏனென்றால் பக்கத்தில் இருப்பது அவர்கள்தான்.

தட்டில் நிறையப் போட்டுவிட்டு 'எல்லாம் சாப்பிடணும்' என்று நிற்காதீர்கள். இரண்டு கரண்டி போடுங்கள், கேட்டால் மறுபடி போடுங்கள். என்ன, எப்போது என்பது பெரியவர் கையில். எவ்வளவு என்பது குழந்தை வயிற்றின் கையில். வாயைப் பிடித்துத் திணித்தால் வாந்தி நிச்சயம், அடுத்த நாள் முதல் சாப்பாட்டு மணி அடித்தாலே அழுகை. கையால் பிசைந்து தானே சாப்பிட விடுங்கள். தரை அழுக்காகும், துடைத்துக்கொள்ளலாம். மாதம் ஒரு தடவை எடை பாருங்கள். 2 முதல் 5 வயதுக்குள் வருடத்துக்குச் சுமார் 2 கிலோ ஏற வேண்டும். மூன்று மாதமாக முள் அசையவில்லை என்றால் மருத்துவரிடம் அனுப்புங்கள். கைச் சுற்றளவு நாடா இருந்தால் இன்னும் எளிது: 6 மாதம் முதல் 5 வயதுக்குள் மேல்கையின் நடுச்சுற்று 12.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் ஊட்டம் குறைவு, 11.5-க்குக் கீழே என்றால் உடனே கவனிக்க வேண்டிய நிலை.

மதியத் தூக்கத்துக்குப் பாய்களுக்கு நடுவே இரண்டு அடி இடைவெளி விட்டு, ஒருவர் தலை இருக்கும் பக்கம் அடுத்தவர் கால் வரும்படி போடுங்கள். சளி பரவுவது குறையும். கைக்குழந்தையை மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், பக்கத்தில் தலையணையும் துணி பொம்மையும் கூடாது. டெங்கு கொசு பகலில் கடிக்கும். இரவுக் கொசுவுக்குப் பயந்து வீட்டில் வலை கட்டும் நாம், பகலில் இரண்டு மணி நேரம் தூங்கும் இடத்தில் மறந்துவிடுகிறோம். ஜன்னலுக்கு வலை அடித்து, ஃபிரிட்ஜின் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு, மொட்டைமாடி டயர் எல்லாவற்றையும் வாரம் ஒருநாள் காலிசெய்யுங்கள். தூக்க நேரத்தில் ஒருவர் விழித்து அறையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அது ஆயாக்கள் சாப்பிடும் நேரமும்கூட என்பதால் முறை வைத்துத்தான் செய்ய முடியும்.

படிப்பு என்று வரும்போது பெற்றோர் கேட்பது, 'ஏபிசிடி எழுதுவாளா?' மூன்று வயதில் எழுத வைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் வெறும் கொள்கை இல்லை. மணிக்கட்டின் சிறு எலும்புகள் அந்த வயதில் பெரும்பகுதி குருத்தெலும்பாகத்தான் இருக்கும். விரல்களின் தசைக்குப் பென்சிலைப் பிடித்துத் திருப்பும் பலம் வந்திருக்காது. வற்புறுத்தினால் குழந்தை தோளிலிருந்து இழுத்து எழுதும், பென்சிலை முஷ்டியாகப் பிடிக்கும், அந்தப் பிடி பிறகு மாறுவது கஷ்டம். எழுத்துக்கு முன்னால் வர வேண்டியது பிசைதல், கிழித்தல், கோத்தல், ஊற்றுதல்.

ஊற்றுதலை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு தாம்பாளம், அதில் இரண்டு எவர்சில்வர் டம்ளர், ஒன்றில் முக்கால் தண்ணீர், பக்கத்தில் ஒரு துணி. மூன்று வயதுக் குழந்தை முதலில் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்க்கும். பாதி தாம்பாளத்தில். துணியால் துடைக்கும், துணியைப் பிழியத் தெரியாது, அதுவும் ஒரு விளையாட்டாகும். நாலைந்து நாளில் டம்ளர் விளிம்பை அந்த டம்ளர் விளிம்போடு ஒட்டிவைக்கக் கற்றுக்கொள்ளும். நாக்கு வெளியே வந்து ஒரு ஓரத்தில் நிற்கும், மூச்சு நின்றுவிட்டதோ என்று தோன்றும். கடைசிச் சொட்டு விழும்வரை மணிக்கட்டை மெல்லத் திருப்பும். அந்தத் திருப்பல்தான் பிறகு 'அ'வின் சுழி. 1939-ல் மரியா மாண்டிசோரி சென்னைக்கு வந்து அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோதும், சொல்லிக்கொடுத்தவற்றில் இப்படிப்பட்ட வீட்டு வேலைகள் இருந்தன. நம் பாட்டிமார் புளியங்கொட்டையைத் தரம்பிரிக்கவும் கீரை ஆயவும் கூட உட்கார வைத்ததும் இதே வேலையைத்தான் செய்தது. (புளியங்கொட்டை, சோழி, மணி எதுவானாலும் மூன்று வயதுக்கு மேல்தான். அதற்குக் கீழே எல்லாம் மூக்குக்கோ காதுக்கோ போகும்.)

இரண்டாவது, பேச்சு. ஒரு குழந்தை ஜன்னலைக் காட்டி, 'காக்கா' என்கிறது. 'ஆமா, வந்து உக்காரு' என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. 'ஆமா, காக்கா முருங்கை மரத்துல உக்காந்திருக்கு. வாயில என்னமோ வச்சிருக்கே?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை. பெரியவர்களுக்கு இந்த ஐந்து எண்ணுவதுதான் கஷ்டம். இரண்டு எண்ணுவதற்குள் நாமே பதிலும் சொல்லிவிடுவோம். காத்திருந்தால், 'வடை' என்று வரும். 'வடையா! யார் குடுத்திருப்பாங்க?' இப்படி நாலு தடவை போய்வந்தால் அது ஒரு பாடம். இது நடக்க வீட்டில் பேசும் மொழி வேண்டும். 2022-ல் வந்த அடிப்படைநிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் 8 வயது வரை தாய்மொழியே கற்பிக்கும் மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. ஆங்கிலப் பாட்டு இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் 'சிட் டவுன், கீப் கொயட், ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ்' என்பதுதான் ஒருநாளில் குழந்தை கேட்கும் ஆங்கிலம் முழுவதும் என்றால் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. டிவி, செல்போன் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: 2 வயதுக்குள் திரையே கூடாது, 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது. அந்த ஒரு மணியை வீடு ஏற்கெனவே கொடுத்திருக்கும்.

கடிக்கும் குழந்தை எல்லா இடத்திலும் ஒன்று இருக்கும். ஒன்றரை முதல் மூன்று வயதுக்குள் இது சகஜம். சொல்ல வார்த்தை இல்லாதபோது பல் பேசுகிறது. கடிபட்ட குழந்தையை முதலில் தூக்குங்கள். சோப்புத் தண்ணீரால் கழுவி ஈரத்துணி வையுங்கள். கடித்த குழந்தையிடம், 'கடிச்சா வலிக்கும். பொம்மை வேணும்னா குடுன்னு கேளு' என்று மட்டும். திருப்பிக் கடித்துக் காட்டுவது, மிளகாய் தடவுவது எதுவும் கூடாது. பிறகு எழுதிவையுங்கள்: எத்தனை மணி, எந்த இடம், அதற்கு முன் என்ன நடந்தது. ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். பெரும்பாலும் சாப்பாட்டுக்கு முன் பசி நேரத்திலோ, ஒரே ஒரு சைக்கிளுக்கு மூன்று பேர் நிற்கும் இடத்திலோதான் நடக்கும். சாப்பாட்டை 20 நிமிடம் முன்னால் தள்ளுவதும், அதே மாதிரி இன்னொரு சைக்கிள் வாங்குவதும் பல கடிகளை நிறுத்தும். இரண்டு வீட்டுக்கும் அன்றே சொல்ல வேண்டும். கடித்தது யார் என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் மறுநாள் வாசலில் இரண்டு குடும்பச் சண்டை.

நோய் விஷயத்தில் விதியைச் சேர்க்கும் நாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் காய்ச்சல் வந்த காலையில் அம்மாவுக்கு ஆபீஸ் இருக்கும். காய்ச்சல் மருந்து இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை என்றால் வரலாம். அம்மை போட்டால் கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை வீட்டில். வாந்தி, பேதி என்றால் நின்று ஒரு நாள் கழித்து. மருந்து கொடுக்க வேண்டுமானால் பாட்டிலோடு, அளவும் நேரமும் எழுதிக் கையெழுத்தோடு வர வேண்டும். பாரசிட்டமால் சிரப்பில் ஒரே பெயரில் 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ளதும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. 'எப்பவும் குடுக்கற மாதிரி அரை மூடி' என்று போனில் சொன்னதைக் கேட்டுக் கொடுத்தால் இரட்டை அளவு போய்விடும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைப் பெரிய பாக்கெட்டா என்று பார்த்து, அதில் எழுதியபடி ஒரு லிட்டரில் முழுதாகக் கரைக்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சம் என்று போடுவது ஆபத்து, உப்பு கூடிவிடும்.

பாதுகாப்பில் ஒன்றே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பாத்ரூம், உடை மாற்றும் இடம், தூங்கும் அறை எதிலும் ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் கதவடைத்துத் தனியாக இருக்கும் நிலை வரக்கூடாது. கதவு பாதி உயரம், அல்லது திறந்தபடி. கேமரா இருப்பது நல்லதே, ஆனால் கேமரா நடந்ததைக் காட்டும், நடக்கும்போது கையை நீட்டாது. சந்தேகம் வந்தால் உள்ளுக்குள் விசாரித்து முடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ வாசலிலும் சமையலறையிலும் பெரிதாக எழுதிவையுங்கள்.

பெற்றோருக்கு இரண்டு செய்திகள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்றும், அம்மா நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவரலாம் என்றும் 2017-ல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் சொன்னது; 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. இதைக் கேட்கத் தயங்காதீர்கள், நான்கு பேர் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். அடுத்தது, தெருமுனை அங்கன்வாடியை ஒருமுறை போய்ப் பார்க்காமல் ஒதுக்காதீர்கள். 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. சூடான சாப்பாடு, முட்டை, எடை பார்ப்பது, தடுப்பூசி நினைவூட்டல், 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் எல்லாம் காசில்லாமல். பல வருடமாக அதே ஊரில் இருக்கும் பணியாளர், ஒவ்வொரு குழந்தையின் வீட்டையும் அறிந்தவர். அது தனியாரில் பணம் கொடுத்தாலும் கிடைக்காது. குறை இருக்கும் மையங்களும் உண்டு. பெரும்பாலும் ஒரே பணியாளர் மேல் எல்லாப் பதிவேட்டையும் சுமத்தியதால் வரும் குறை. நாலு அம்மாக்கள் போய்க் கேட்டால் பல விஷயம் சரியாகும். எந்த இடமானாலும் சேர்க்கும் முன் முன்னறிவிப்பில்லாமல் மதியம் போங்கள். ஆயாவிடம், 'இங்க எத்தனை வருஷமா இருக்கீங்கக்கா?' என்று கேளுங்கள். அப்போது ஒரு குழந்தை வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டால் மேற்கொண்டு கேட்க வேண்டியது குறைவு. குழந்தைகளைப் பார்க்க விடாமல் ஆபீஸ் அறையிலேயே பேசி அனுப்பினால் வேறு இடம் தேடுங்கள்.

ஒரு சந்தேகத்தை எழுப்ப வேண்டிய பொறுப்பும் காப்பகத்துக்கு உண்டு. 2 வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, வேண்டியதை விரலால் காட்டவில்லை என்றால், 'எங்க மாமா பையனும் அஞ்சு வயசுலதான் பேசினான்' என்று வீட்டில் சொல்வார்கள். காத்திருக்க வேண்டாம், முதலில் காது கேட்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று சொல்லுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் இதற்கான மையங்கள் இருக்கின்றன. மூன்று நாள் பார்த்ததைத் தேதியோடு எழுதிக் கொடுத்தால் மருத்துவருக்கு உதவும்.

மாலை விடும் நேரத்தில், கூட்டிப்போக வரக்கூடியவர்கள் யார் என்று போட்டோவோடு ஒரு அட்டை இருக்க வேண்டும். 'நான் அவ சித்தப்பா' என்று புது ஆள் வந்தால் குழந்தை சிரித்துக்கொண்டு ஓடினாலும், அம்மாவுக்குப் போன் போடாமல் விடாதீர்கள். ஆட்டோவில் ஏற்றும்போது எண்ணி ஏற்றுங்கள், வேன் திரும்பியதும் இருக்கைக்குக் கீழே குனிந்து பாருங்கள். தூங்கிப்போன குழந்தை அங்கேதான் இருக்கும்.

தினமும் ஒரு குழந்தை கடைசியாக மிஞ்சும். பஸ் தாமதம், மீட்டிங் முடியவில்லை, ஏதோ ஒன்று. ஆயா பாயைச் சுருட்டுவார், விளக்கு ஒவ்வொன்றாக அணையும், அந்தக் குழந்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு ஒரு வேலை கொடுங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கரண்டிகளை எண்ணிப் போடுவது. ஒரு பிஸ்கட்டோ வாழைப்பழமோ கையில் இருக்கட்டும். அதன் எதிரே, 'இன்னும் இவங்க வரலையே' என்று பேசாதீர்கள். பையை மாட்டிவிடாதீர்கள், செருப்பும் போட்டுவிடாதீர்கள். செருப்பைப் போட்டுவிட்டால் அந்த நிமிடத்திலிருந்து அது வாசலை விட்டுக் கண்ணை எடுக்காது. வண்டிச் சத்தம் கேட்டு, அம்மா கேட்டைத் திறந்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.